ஜூனியரில் முதல் 20, டபிள்யூ15-ல் முதல் சுற்றோடு வெளியே: ஏன்?

1 · மார்ச் 3, காலை
டென்னிஸ் ஆடும் ஒரு பெண், ஜூனியர் உலகத் தரவரிசையில் முதல் 20-க்குள் இருக்கிறாள். வயது 16. பெண்கள் தொழில்முறை டென்னிஸின் அடிப்படியான டபிள்யூ15 போட்டிக்குப் போகிறாள். அங்கே பெண்கள் தரவரிசையில் 450-ஆம் இடத்தில் இருக்கும் 27 வயது ஆட்டக்காரியிடம் 6-3, 6-2 என்று தோற்கிறாள். அடுத்த வாரம் வேறொரு 27 வயதுக்காரர், அதே முடிவு. எந்த நாட்டு டிராவை (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்) எடுத்துப் பார்த்தாலும் இந்தக் காட்சி இருக்கிறது.

என் வாதம்: இந்தச் சின்னப் போட்டிகளே வேண்டாம். வைல்டு கார்டு (தரவரிசை பார்க்காமல் அமைப்பாளர்கள் தரும் இடம்) வாங்கிப் பெரிய போட்டியில் இறங்கினால் நல்ல பந்து வரும், நல்ல ஆட்டமும் வரும். கோகோ கௌஃப், மிர்ரா ஆண்ட்ரீவா எல்லாம் அப்படித்தானே வந்தார்கள்?

2 · மார்ச் 3, காலை
வரவில்லை. கௌஃபுக்கு 2019 விம்பிள்டனில் கிடைத்த வைல்டு கார்டு தகுதிச்சுற்றுக்குத்தான். அப்போது அவர் 313-ஆம் இடம், வயது 15. மூன்று ஆட்டம் ஜெயித்துத்தான் மெயின் டிராவுக்குள், அதாவது முதன்மைப் போட்டிக்குள், வந்தார். அதன்பிறகுதான் வீனஸ் வில்லியம்ஸை 6-4, 6-4 என்று வென்றது. அதே ஆண்டு லின்ஸில் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்று, யாரோ விலகியதால் லக்கி லூசராக உள்ளே போய்ப் பட்டத்தையே எடுத்தார்.

ஆண்ட்ரீவாவுக்கு 2023-ல் மாட்ரிடில் மெயின் டிரா வைல்டு கார்டு கிடைத்தது, சரி. ஆனால் அதற்குச் சற்று முன்பு, அதே ஏப்ரலில், சுவிட்சர்லாந்தில், டபிள்யூ15-ஐவிடச் சில படி மேலான இரண்டு டபிள்யூ60 பட்டங்களை அடுத்தடுத்து வென்றுவிட்டுத்தான் வந்தார். வைல்டு கார்டு கதவைத் திறந்துவிட்டது. கதவு வரைக்கும் அவர் நடந்தே வந்தார்.

3 · மார்ச் 3, பகல்
450-ஆம் இடத்து அக்காவிடம் ஏன் தோற்கிறாள் என்பதற்குப் பதில் முக்கால்வாசி இரண்டாவது சர்வ்தான்.

ஜூனியரில் 120 கிலோமீட்டர் வேகத்தில் பெட்டியின் நடுவில் ஒரு இரண்டாவது சர்வைப் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம். எதிரில் இருப்பவளும் 16 வயது. அதை அடித்து நொறுக்கப் பார்ப்பாள், மூன்றில் ஒன்று வெளியே போகும். இந்த அக்கா நொறுக்க மாட்டார். கோட்டுக்குள் ஒரு அடி எடுத்து வைத்து, பந்து எழும்பும்போதே ஆழமாக நடுவில் திருப்பி அனுப்புவார். சர்வ் போட்டவள் கால் ஊன்றுவதற்குள் பந்து காலடியில் இருக்கும். வின்னர் ஒன்றுகூட அடிக்காமல் அந்தப் பாயிண்டை அவர் எடுத்துவிடுவார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டு போதும். இரண்டாவது சர்வில் தொடங்கிய பாயிண்டுகள் எத்தனை, அதில் ஜெயித்தவை எத்தனை. டூர் மட்டத்திலேயே 45 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்ல எண். 30-களில் இருந்தால் வேறு எதையும் பேசவே வேண்டாம்.

4 · மார்ச் 3, மாலை
டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் பாயிண்டை இழப்பது) எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டத்தில் டபுள் ஃபால்ட்டே இல்லை என்றால் பெற்றோர் மகிழ்கிறார்கள். பெரும்பாலும் அதற்குப் பொருள் சர்வ் கெஞ்சிக்கொண்டு போகிறது என்பதே. 16 வயதில், முழு வீச்சில் போட்டு ஆட்டத்துக்கு நாலைந்து டபுள் ஃபால்ட் வருவது ஆரோக்கியம்.

சபலென்கா 2022-ல் அந்த ஒரே ஆண்டில் 400-க்கு மேல் டபுள் ஃபால்ட் போட்டார். சர்வ் இயக்கத்தை உயிர்-இயக்கவியல் ஆளோடு பிரித்து மேய்ந்து, 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனை எடுத்தார். ஆனால் அவரால் 24 வயதில் அதைப் பிரிக்க முடிந்தது என்பதற்காக 24 வரை தள்ளிப்போடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5 · மார்ச் 4, காலை
வைல்டு கார்டுப் பேச்சுக்குத் திரும்புகிறேன். வயது விதியை யாரும் சொல்லவில்லை.

14 வயது ஆகும்வரை தொழில்முறைப் போட்டியே கிடையாது. 14 வயதில் 8 போட்டிகள், 15-ல் 10, 16-ல் 12, 17-ல் 16. 18 ஆனதும் வரம்பு இல்லை. கணக்கு காலண்டர் ஆண்டுக்கு அல்ல, பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாள் வரை. நன்றாக ஆடுபவர்களுக்குத் தகுதி அடிப்படையில் சில கூடுதல் போட்டிகள் உண்டு.

அதனால் 16 வயதுப் பெண்ணிடம் இருப்பது 12 சீட்டு. தகுதிச்சுற்றில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்தாலும் ஒரு சீட்டு கிழிந்தது கிழிந்ததுதான். வைல்டு கார்டு கிடைத்ததே என்று ஆசைப்பட்டுப் பெரிய போட்டியில் 40 நிமிடம் ஆடிவிட்டு வருவது, 12-ல் ஒன்றை விற்பது.

6 · மார்ச் 4, காலை
இந்த விதி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜெனிஃபர் காப்ரியாட்டி. 1990 மார்ச்சில், 14 ஆவதற்குச் சில வாரம் முன்பு, முதல் தொழில்முறைப் போட்டியிலேயே இறுதிக்குப் போனார், சபாட்டினியிடம் தோற்றார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓபன் அரையிறுதி. 1992-ல் கிராஃபை வென்று ஒலிம்பிக் தங்கம். 1993-ல் அமெரிக்க ஓபன் முதல் சுற்றில் தோற்றதோடு ஆட்டத்தை விட்டே விலகினார். அதன்பிறகு வந்ததுதான் வரம்பு. வரம்பு அமலுக்கு வரும் முன் அவசரமாக உள்ளே நுழைந்தவர்கள் 1994 அக்டோபரில் ஹிங்கிஸும் வீனஸும்.

காப்ரியாட்டி திரும்பி வந்து 2001-ல் ஆஸ்திரேலிய, பிரெஞ்சு ஓபன் இரண்டையும் எடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். அவரை எச்சரிக்கைப் பலகையாக மட்டும் மாட்டி வைப்பது நியாயமில்லை.

7 · மார்ச் 4, இரவு
சரி, 12 சீட்டு. அதை எங்கே செலவழிப்பது என்று பார்ப்போம். டபிள்யூ15 பட்டத்துக்கு 10 புள்ளி, அதற்கு அடுத்த படியான டபிள்யூ35 பட்டத்துக்கு 50. ஆக ஒரு டபிள்யூ35 பட்டம் ஐந்து டபிள்யூ15 பட்டத்துக்குச் சமம்.

8 · மார்ச் 4, இரவு
அது பழைய அட்டவணை. டபிள்யூ25 என்று பெயர் இருந்த காலத்தில்தான் 50. 2024 முதல் பெயரில் இருக்கும் எண்தான் பட்டத்துக்குரிய புள்ளி: 15, 35, 50, 75, 100.

டபிள்யூ15: பட்டம் 15, இறுதி 10, அரையிறுதி 6, காலிறுதி 3, இரண்டாம் சுற்று 1. முதல் சுற்றில் தோற்றால் சுழியம்.
டபிள்யூ35: 35, 23, 14, 8, 4.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டபிள்யூ35 காலிறுதியில் தோற்பவள் டபிள்யூ15 அரையிறுதியில் தோற்பவளைவிட அதிகம் எடுக்கிறாள். டபிள்யூ35 இறுதியில் தோற்பவள் டபிள்யூ15 கோப்பையோடு படம் எடுத்துக்கொள்பவளைவிட மேலே.

இன்னொரு கணக்கு. ஒற்றையர் தரவரிசைக்கு 52 வாரத்தில் சிறந்த 18 போட்டிகள் சேரும். 18 டபிள்யூ15 பட்டம் வென்றாலும், அதாவது 90 ஆட்டம் தோல்வியே இல்லாமல், 270 புள்ளி. கிராண்ட்ஸ்லாம் தகுதிச்சுற்றுக்கு நுழைவு ஏறக்குறைய 230-ஆம் இடத்தில் முடியும். அந்த இடத்துக்கு 300 புள்ளியை ஒட்டி வேண்டும். முடிந்தது கதை.

9 · மார்ச் 5, காலை
7-ல் எழுதியது நான்தான். பழைய அட்டவணை மண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. 8 சரி. கூடவே ஒன்று: 2024-க்கு முன்பு ஒருவர் 17 வயதில் இத்தனை புள்ளி வைத்திருந்தார், இன்று இவள் இத்தனைதான் வைத்திருக்கிறாள் என்று ஒப்பிடும் பதிவுகளையும் குப்பையில் போடலாம். அப்போது சேர்ந்தது 16 போட்டிகள், இப்போது 18.

10 · மார்ச் 5, காலை
அப்படியானால் டபிள்யூ15-ஐ யார்தான் ஆடுவது?

11 · மார்ச் 5, பகல்
தரவரிசையில் பெயர் வரும்வரை எல்லோரும். பெயர் வர மூன்று போட்டிகளில் புள்ளி எடுக்க வேண்டும், அல்லது மொத்தம் 10 புள்ளி சேர்ந்தால் போதும். ஜூனியரில் முதல் 100-க்குள் இருப்பவர்களுக்கு டபிள்யூ15 மெயின் டிராவில் ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. அதைப் பயன்படுத்திப் பெயரை ஏற்றிக்கொண்டு, டபிள்யூ35 தகுதிச்சுற்றுக்கு இடம் கிடைத்த அன்றே நகர்ந்துவிட வேண்டும். ஜூனியரில் ஆண்டு இறுதியில் உச்சியில் இருப்பவர்களுக்கு இன்னும் பெரிய ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டிகளில் நேரடி இடம் தரும் ஏற்பாடும் இருக்கிறது. கேள்வியில் வரும் பெண் அந்தப் பட்டியலைத்தான் குறிவைக்க வேண்டும்.

மாட்டிக்கொள்ளும் இடம் எது என்றால், மொனாஸ்டிர், அன்டாலியா, ஷர்ம் எல் ஷேக், ஹெராக்லியோன் மாதிரி வாரா வாரம் டபிள்யூ15 நடக்கும் ஊர்கள். ஒரே ஓட்டல், ஒரே தரை, ஒரே பந்து, விமானச் செலவு ஒரு முறைதான். மூன்று வாரம் இருந்தால் சிக்கனம். ஏழாவது வாரம் எதிரில் இருப்பவளின் நாய்க்குட்டிப் பெயர்கூடத் தெரிந்துவிடும். அங்கே ஜெயிக்கப் பழகுவது அந்த முப்பது பேரை ஜெயிக்கப் பழகுவதுதான்.

12 · மார்ச் 5, பகல்
450-ஆம் இடத்து அக்கா இப்போது அங்கேதான் இருக்கிறார். நாய்க்குட்டி அவருடையது.

13 · மார்ச் 5, மாலை
நுழைவுத் தேதிகள். இதில்தான் நிறையப் பேர் வாரங்களைத் தொலைக்கிறார்கள்.

ஐடிஎஃப் போட்டி திங்களன்று தொடங்கினால், பெயர் கொடுக்கக் கடைசி நாள் 18 நாள் முன்னால் வரும் வியாழன். அபராதம் இல்லாமல் விலகக் கடைசி நாள் 13 நாள் முன்னால் வரும் செவ்வாய். இரண்டுமே கிரீன்விச் நேரம் பிற்பகல் 2 மணி. உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்து தேடினால் பட்டியல் மூடியிருக்கும். ஒரே வாரத்துக்குப் பல போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கலாம், முன்னுரிமை வரிசை போட்டு. வரிசையைத் தப்பாகப் போட்டால் நீங்கள் விரும்பாத ஊர் உங்களை இழுத்துக்கொள்ளும். வியாழன் முதல் செவ்வாய் வரை அந்த ஐந்து நாளும் பட்டியல் மூச்சு விடும்: மேலே இருப்பவர்கள் விலக விலகக் கீழே இருப்பவர்கள் ஏறுவார்கள். அந்த நாட்களில் தினமும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆட்டக்காரியாக இருக்கக் கூடாது.

கிராண்ட்ஸ்லாம் மெயின் டிராவுக்கு ஆறு வாரம், தகுதிச்சுற்றுக்கு நாலு வாரம் முன்னால் உள்ள தரவரிசைதான் கணக்கு. 104 பேர் நேரடி, 16 பேர் தகுதிச்சுற்று வழி, 8 வைல்டு கார்டு. போன வாரம் ஒரு பட்டம் அடித்து 220-க்கு வந்துவிட்டேன் என்றால் அது அடுத்த ஸ்லாமுக்குத்தான் உதவும்.

14 · மார்ச் 5, இரவு
இதற்கு உச்சபட்ச உதாரணம் ராடுகானு. 2021-ல் 150-ஆம் இடத்தில் இருந்து, தகுதிச்சுற்று மூன்று, மெயின் டிரா ஏழு, மொத்தம் பத்து ஆட்டம், ஒரு செட்கூட இழக்காமல் அமெரிக்க ஓபன். அடுத்த மாதம் இந்தியன் வெல்ஸ் ஆட அவருக்கு வைல்டு கார்டு தேவைப்பட்டது. ஏனென்றால் அங்கே பட்டியல் மூடியபோது அவர் சாம்பியன் இல்லை.

15 · மார்ச் 6, காலை
3-ல் இரண்டாவது சர்வ் பற்றி எழுதினேன். என்ன மாற்றுவது என்று சொல்லவில்லை.

முதலில் பிடி. பெரும்பாலான 15, 16 வயதுப் பெண்களுக்குப் பதற்றம் வந்தால் கான்டினென்டல் பிடி (சுத்தியலைப் பிடிப்பது மாதிரி) மெல்ல ஃபோர்ஹேண்ட் பக்கம் நழுவும். நழுவினால் ராக்கெட் முகம் முன்னால் பார்த்துத் திறக்கும், சுழல் வராது, பந்தைத் தள்ளத்தான் முடியும். 5-5, 30-30-ல் எடுத்த காணொளியை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பயிற்சியில் எடுத்த காணொளியில் தெரியாது.

அடுத்தது பந்தை எறியும் இடம். வலக்கை ஆட்டக்காரிக்குக் கிக் சர்வுக்கு (மேல்நோக்கிச் சுழற்றி, தரையில் பட்டதும் உயர எழும்பும் சர்வ்) பந்து தலைக்கு மேல், கொஞ்சம் இடப்பக்கம். ராக்கெட் கீழிருந்து மேலாக, கடிகார முள் 7-லிருந்து 1-க்குப் போகும் திசையில் பந்தை உரச வேண்டும். வலைக்கு மேல் ஒரு முழம், ஒன்றரை முழம் இடைவெளி விட்டுப் போய்க் கடைசியில் விழ வேண்டும். வீச்சு வேகம் முதல் சர்வுக்குக் குறையவே கூடாது. குறைவது பந்தின் வேகம்தான், கையின் வேகம் அல்ல. பயந்தால் கை மெதுவாகும், கை மெதுவானால் சுழல் போகும், சுழல் போனால் பந்து கோட்டைத் தாண்டும். பிறகு இன்னும் பயம்.

பயிற்சி: முதல் சர்வே கிடையாது. இரண்டாவது சர்வ் மட்டும் வைத்து 20 பாயிண்ட். ரிட்டர்ன் போடுபவர் பேஸ்லைனுக்கு (பின்கோடு) உள்ளே ஒரு அடியில் நிற்க வேண்டும். 20-ல் 9 எடுத்தால் தேறியது. வாரம் இரண்டு தடவை, எண்களை எழுதி வைத்து.

16 · மார்ச் 6, காலை
இதைப் படித்துவிட்டு நாளைக்கே 200 கிக் சர்வ் போட வைக்கும் கோச்சுகளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. கிக் சர்வில் முதுகு பின்னால் வளைந்து, கூடவே திருகும். வளரும் வயதில் இடுப்பு முதுகெலும்பில் அழுத்த முறிவு வர முக்கிய வழி அதுதான். ஒரு பக்கக் கீழ் முதுகில், பின்னால் வளையும்போது மட்டும் வலி என்றால் தைலம் தடவிக்கொண்டு ஆடக் கூடாது. ஸ்கேன் எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தொடக்க நிலை முறிவு பெரும்பாலும் தெரியாது.

17 · மார்ச் 6, பகல்
16 சொல்வது சரி, 15-ல் எண்ணிக்கை எழுதாமல் விட்டது என் தவறு. திருத்தம்: உயரம் வேகமாகக் கூடிக்கொண்டிருக்கும் மாதங்களில் ஒரு பயிற்சிக்கு எல்லா சர்வும் சேர்த்து 60, 70-க்குள். கிக் அதில் மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டாவது சர்வுகளை ஸ்லைஸாக (பக்கவாட்டுச் சுழலோடு) போடலாம். யோசித்துப் பார்த்தால் 16 வயதுக்கு உடம்பை நோக்கி வரும் ஸ்லைஸ் இரண்டாவது சர்வே போதுமான ஆயுதம். கிக்கைப் பார்த்து எல்லோரும் மயங்குவதில் நானும் ஒருவன்.

18 · மார்ச் 6, மாலை
உடம்புப் பேச்சு வந்ததால் ஸ்ட்ரிங். பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கை 25, 26 கிலோ இழுவையில் கட்டிக்கொண்டு வரும் பெண்கள் உண்டு, டிவியில் பார்ப்பவர்கள் கட்டுகிறார்கள் என்று. பாலி விறைப்பானது, அடியின் அதிர்வு மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நேராகப் போகும். 21-லிருந்து 23 கிலோவுக்குள் வைக்கலாம். அல்லது நீளவாக்கில் பாலி, குறுக்கில் மென்மையான மல்டிஃபிலமென்ட் என்று கலந்து கட்டலாம்.

பாலி அறுவதற்கு முன்பே செத்துவிடும். எட்டுப் பத்து மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு அதன் துள்ளல் போய்விடும், பந்து திடீரென்று நீளமாகப் போகத் தொடங்கும். பெண் என்ன செய்வாள்? கோச் திட்டுகிறாரே என்று வீச்சைச் சுருக்குவாள். பழுது ஸ்ட்ரிங்கில், மாற்றியது ஃபோர்ஹேண்டை. அறுக்கும் கத்தி ஒன்று பையில் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

200 மீட்டர் சுருள் ஒன்றில் ஒரு ராக்கெட்டுக்கு 12 மீட்டர் வீதம் 16 கட்டு வரும். போட்டிக்குக் குறைந்தது மூன்று ராக்கெட், ஒரே எடை, ஒரே சமநிலை. கடையில் ஒரே மாடல் என்று வாங்கினாலும் நாலைந்து கிராம் வித்தியாசம் இருக்கும். தராசில் வைத்துப் பார்த்து ஈய நாடா ஒட்டிச் சமப்படுத்த வேண்டும்.

19 · மார்ச் 7, காலை
காயத்துக்கு இரண்டு உதாரணம். முதலில் சிசி பெல்லிஸ். 2014 அமெரிக்க ஓபனில் 15 வயதில் சிபுல்கோவாவை வென்றார். கையில் அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். 2022 ஜனவரியில் ஓய்வு அறிவித்தபோது வயது 22. ஆண்ட்ரீஸ்கு 2019-ல் வைல்டு கார்டில் வந்து இந்தியன் வெல்ஸ், பிறகு அமெரிக்க ஓபனில் செரீனாவை வென்று பட்டம். அக்டோபரில் முழங்கால் போனது, 2020 முழுக்க ஆடவில்லை.

ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் வெளியில் இருந்து சொல்ல முடியாது. அட்டவணையைப் பார்க்கும்போது மட்டும் ஒன்று கண்ணில் படும்: களிமண்ணில் ஞாயிறு வரை ஆடிவிட்டு, செவ்வாயன்று ஹார்ட் கோர்ட்டில் தகுதிச்சுற்று. களிமண்ணில் சறுக்கி நிற்கப் பழகிய கால் ஹார்ட் கோர்ட்டில் சடாரென்று நிற்கும். பந்தும் மாறியிருக்கும், கனமான பந்தை அடித்துப் பழகிய கை லேசான பந்துக்குத் தாமதமாகும், நேர்மாறாகவும். தரை மாறினால் நடுவில் நாலைந்து நாள் வேண்டும். அந்த வாரத்தை விடுவதற்கு மனசு வராது, அதுதான் பிரச்சினை.

20 · மார்ச் 7, பகல்
பணத்தைப் பேச யாருக்கும் துணிவில்லையா?

டபிள்யூ15 என்றால் ஒற்றையர், இரட்டையர் எல்லோருக்கும் சேர்த்து மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையர் பட்டத்துக்கு 2,000 டாலரை ஒட்டி. முதல் சுற்றில் தோற்றால் 150-ஐ ஒட்டி. அந்த வாரத்து ஓட்டலுக்கே பற்றாது, கோச் கூட வந்தால் சொல்லவே வேண்டாம். இந்த மட்டத்தில் ஜெயித்தாலும் நஷ்டம்தான்.

இப்போது மறுபக்கம். 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்டு. 2025 அமெரிக்க ஓபனில் 110,000 டாலர். அந்த 110,000-ஐக் கையில் கிடைக்கும் தொகை என்று எண்ணிக்கொண்டு கோச்சுக்கு ஒப்பந்தம் எழுதிவிடாதீர்கள். வெளிநாட்டு ஆட்டக்காரிக்கு 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 77,000. அதில் கோச்சின் பங்கு போகும்.

8-ல் சொன்ன 230-ஆம் இடம் ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும். ஆண்டுக்கு நாலு ஸ்லாம் தகுதிச்சுற்று ஆடினால், ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காவிட்டாலும், அந்த ஆண்டின் பயணச் செலவில் கணிசமான பங்கு திரும்பும். 240-க்கும் 210-க்கும் ஆட்டத்தில் வித்தியாசம் மயிரிழை. வங்கிக் கணக்கில் வித்தியாசம் வேறு தொழில் மாதிரி இருக்கும்.

21 · மார்ச் 7, மாலை
கோச்சுக்குப் பணம் இல்லையென்றால் இரண்டு மூன்று ஆட்டக்காரிகள் சேர்ந்து ஒருவரை அழைத்துப் போகலாம். நடக்கும் ஏற்பாடுதான். ஆனால் மூவரில் இருவர் ஒரே டிராவில் மோதினால் அவர் எங்கே உட்காருவார் என்பதை விமானம் ஏறும் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

22 · மார்ச் 7, மாலை
கழிவறையில்.

23 · மார்ச் 8, காலை
கல்லூரி வழியை யாரும் தொடவில்லை. டேனியல் காலின்ஸ் 2014, 2016 இரண்டு முறை அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன். 2022 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிக்கு வந்தார். எம்மா நவாரோ 2021 கல்லூரிச் சாம்பியன். 2024 அமெரிக்க ஓபன் அரையிறுதி. கோச், பிசியோ, ஜிம், வாரம் தவறாமல் ஆட்டம், எல்லாம் கல்லூரிச் செலவில். 18 வயதில் 400-க்கு வெளியே இருப்பவளுக்கு என் கணக்கில் இதுதான் முதல் தேர்வு.

சிக்கல் பரிசுப் பணம். மாயா ஜாயின்ட் 2024-ல் தகுதிச்சுற்று வழியாக அமெரிக்க ஓபனுக்குள் வந்து ஒரு சுற்று ஜெயித்தும், கல்லூரியில் சேர இருந்ததால் செலவுக்கு மேல் அந்தப் பணத்தை எடுக்க முடியவில்லை. பிறகு தொழில்முறைக்கு மாறி 2025-ல் ரபாத், ஈஸ்ட்போர்ன் இரண்டு பட்டங்களை எடுத்தார். விதிகள் இப்போது நீதிமன்றம், பேச்சுவார்த்தை என்று மாறிக்கொண்டே இருக்கின்றன. எனவே முதல் காசோலையை வாங்கும் முன் சேரப்போகும் கல்லூரியின் விதி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

24 · மார்ச் 8, பகல்
இரண்டாம் ஆண்டுதான் உண்மையான முதல் ஆண்டு. 52 வாரம் ஆனதும் பழைய புள்ளி விழும். ராடுகானு 2022 அமெரிக்க ஓபன் முதல் சுற்றில் கார்னேயிடம் தோற்றார், 11-லிருந்து 83-க்கு இறங்கினார். அவர் ஆட்டம் ஒரே இரவில் 72 இடம் மோசமாகவில்லை. ஒரு பெரிய வாரம் கணக்கிலிருந்து கழன்றது, அவ்வளவுதான்.

சின்ன அளவில் இது எல்லோருக்கும் நடக்கும். மார்ச்சில் மூன்று வாரத்தில் 60 புள்ளி குவித்தவள் அடுத்த மார்ச்சில் அதே ஊருக்கு, அதே பயத்தோடு போவாள். ஆண்டுத் திட்டம் போடும்போது புள்ளி விழும் வாரங்களைச் சிவப்பில் குறித்து, அதற்கு முந்தைய எட்டு வாரத்துக்குள் மாற்றுப் புள்ளி சேர்த்துவிட வேண்டும்.

25 · மார்ச் 8, மாலை
இரட்டையர் ஆடுவது நேர விரயம் என்று மேலே யாரோ எழுதியிருந்தார்களே?

26 · மார்ச் 8, மாலை
யாரும் எழுதவில்லை. ஆனால் எழுதியிருந்தால் தவறு. ஒற்றையரில் திங்கட்கிழமையே தோற்றவளுக்கு அந்த வாரத்தில் இன்னும் இரண்டு மூன்று உண்மையான ஆட்டம் கிடைக்கும். டியூஸ் (40-40) ஆனால் ஒரே பாயிண்டில் முடிவு, மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் பாயிண்ட் டைபிரேக். இரண்டாவது சர்வைப் பதற்றத்தில் போட்டுப் பழக இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. வலைக்கருகே ஆள் நிற்பதால் ரிட்டர்னும் தாழ்ந்து போகப் பழகும்.

ஆஷ்லி பார்ட்டி 2013-ல், 17 வயதை ஒட்டி, டெல்லாக்வாவோடு மூன்று ஸ்லாம் இரட்டையர் இறுதிகள் ஆடினார். 2014-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 2015-ல் கிரிக்கெட் ஆடப் போனார், 2016-ல் திரும்பினார், 2019-ல் பிரெஞ்சு ஓபன். அவருடைய ஸ்லைஸும் வாலியும் எங்கே ஊறின என்பதற்கு அந்த இரட்டையர் ஆட்டங்களைப் பாருங்கள். சானியா மிர்சாவுக்கோ மணிக்கட்டு ஒற்றையரைப் பறித்தது, இரட்டையர் 2015 ஏப்ரலில் முதலிடத்தைக் கொடுத்தது. ஒற்றையரில் அவருடைய உச்சம் 27.

27 · மார்ச் 9, காலை
கேள்வியைத் தொடங்கியவன். வைல்டு கார்டு வாதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், முழுக்க அல்ல. 12 சீட்டை இப்படிப் பிரித்தால்? டபிள்யூ15 மூன்று, டபிள்யூ35 ஆறு, டபிள்யூ75 தகுதிச்சுற்று இரண்டு, ஒன்று கையிருப்பு. மீதி வாரங்களில் பெரிய ஜூனியர் போட்டிகளான ஜே300, ஜே500, ஜூனியர் ஸ்லாம்.

28 · மார்ச் 9, பகல்
டபிள்யூ15-ஐ முதல் நாலு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். கையிருப்பு ஒன்று போதாது, இரண்டு வையுங்கள்; டபிள்யூ75 ஒன்று குறையட்டும். ஆண்டின் கடைசியில் ஆட்டம் கூடி வரும்போது சீட்டு இல்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட மோசம் வேறில்லை. ஜூனியர் ஸ்லாமை விடவே வேண்டாம். ஸ்வியாடெக் 2018-ல் ஜூனியர் விம்பிள்டன் எடுத்தார். அந்தக் காலத்தில் ஐடிஎஃப் போட்டிகளில் ஆடிய ஏழு இறுதிகளில் ஒன்றிலும் தோற்கவில்லை. 2020-ல் 54-ஆம் இடத்தில் இருந்து பிரெஞ்சு ஓபன். இரண்டு படியையும் ஒன்றாகவே ஏறியிருக்கிறார்.

29 · மார்ச் 9, இரவு
28-க்குச் சின்னச் சேர்க்கை. பிறந்தநாள் எந்த மாதம் என்று பார்த்தீர்களா? ஜூலைத் தொடக்கத்தில் பிறந்தவள் என்றால் ஜூன் கடைசியில் மீந்த சீட்டுகள் காலாவதி, ஜூலையில் 17 வயதுக்குரிய 16 புதுசு. கையிருப்பு இரண்டையும் ஜூனில் செலவழித்துவிடலாம். ஜூலை வாரங்களுக்கான நுழைவோ 18 நாள் முன்னாலேயே மூடும், அதனால் அந்தப் பெயர்களை ஜூன் மத்தியிலேயே கொடுக்க வேண்டும்.

30 · மார்ச் 9, இரவு
பிற்பகல் 2 மணி. கிரீன்விச் நேரம்.